வேலி இல்லாத ஆறு



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பூங்கா. சிங்கப்பூரின் நடுப்பகுதியில், இரண்டு பெரிய குடியிருப்புப் பேட்டைகளுக்கு இடையே 62 ஹெக்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது அங்கே போயிருப்பீர்கள். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்துப் போயிருப்பீர்கள். மருத்துவர் சொன்னாரே என்று காலை நடைக்குப் போயிருப்பீர்கள். அப்படியென்றால், தெரிந்த இடத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு எதற்கு? பூங்கா என்றால் மரம், புல், ஊஞ்சல், இருக்கை. அதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது நண்பர்களே, நிறைய இருக்கிறது. ஒரு நகரம் தன் மக்களை எவ்வளவு நம்புகிறது என்று அறிய வேண்டுமா? அதன் நாடாளுமன்றத்தைப் பார்க்கலாம், நீதிமன்றத்தைப் பார்க்கலாம். நான் சொல்கிறேன், அதன் பூங்காவையும் பாருங்கள். குறிப்பாக, அந்தப் பூங்காவில் தண்ணீர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். தண்ணீருக்கும் மனிதருக்கும் நடுவே என்ன நிற்கிறது என்று பாருங்கள். பீஷானில் ஒரு காலத்தில் அங்கே கம்பி வேலி நின்றது. இன்று அங்கே புல் இருக்கிறது. வேலி போய்ப் புல் வந்த கதைதான் இன்றைய என் பேச்சு.

முதலில் நிலத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பீஷான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பெக் சான் தெங் என்ற பழைய கான்டனீஸ் இடுகாட்டிலிருந்து வந்தது. அந்த இடுகாட்டின் பெயர்தான் மாண்டரின் ஒலிப்பில் பீஷான் ஆயிற்று. 1980களில் கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டு, அந்த மேட்டு நிலம் வீடமைப்புப் பேட்டையாக மாறியது. வடக்கே அங் மோ கியோ ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இரண்டு பேட்டைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே பச்சையாக ஒரு பட்டை வேண்டியிருந்தது. 1988இல் பூங்கா பிறந்தது இப்படித்தான்.

அந்தப் பூங்காவின் ஓரமாக ஓடியது காலாங் ஆறு. சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு அதுதான். நீளம் என்றவுடன் காவிரியையும் வைகையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மொத்தம் 10 கிலோமீட்டர்! லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கிக் காலாங் படுகையில் முடிந்துவிடும். ஆனால் ஒரு சிறு தீவுக்கு அது பெரிய ஆறு. 1910 அளவில் இந்த ஆற்றை மறித்துத்தான் அந்த நீர்த்தேக்கத்தையே கட்டினார்கள். அதற்கு முதலில் இருந்த பெயர் காலாங் ஆற்று நீர்த்தேக்கம். இந்த ஊரின் தாகத்தைத் தீர்த்த ஆறு நண்பர்களே, இது!

அந்த ஆறு 1988இல் எப்படி இருந்தது? ஆறாகவே இல்லை. நேர்கோடாக வெட்டிய கான்கிரீட் கால்வாய். செங்குத்தான சுவர். அடியிலே சாதாரண நாளில் கணுக்கால் அளவுத் தண்ணீர். இருபுறமும் வேலி. வேலியிலே எச்சரிக்கைப் பலகை. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் அடுக்குமாடி புளோக்குகள், நடுவே இந்தச் சாம்பல் நிறப் பள்ளம். அம்மாக்கள் நாங்கள் பிள்ளைகளிடம் என்ன சொன்னோம்? "லோங்காங் பக்கம், அந்தக் கால்வாய்ப் பக்கம், போகாதே." ஒரு தலைமுறையே இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தது. ஆறு என்றால் கிட்டே போகக்கூடாத இடம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கான்கிரீட் கட்டியவர்களைக் குறை சொல்வது இன்றைக்கு எளிது. நான் சொல்ல மாட்டேன். 1978 டிசம்பர் 2ஆம் தேதியை நினைவு வைத்திருக்கும் மூத்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை. ஏழு பேர் உயிர் போனது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். காலாங் ஆற்றங்கரையிலிருந்த போத்தோங் பாசிர் அந்தக் காலத்தில் வெள்ளத்துக்குப் பேர்போன இடம். பன்றியும் கோழியும் காய்கறிப் பாத்தியும் அடித்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குக் கான்கிரீட் கால்வாய் ஓர் ஆறுதல். தண்ணீர் வந்தால் வந்த வேகத்தில் கடலுக்குத் துரத்திவிடு. அன்று அதுதான் சரியான விடை. அந்தக் கால்வாய்கள் உயிர்களைக் காப்பாற்றின. அதை நன்றியோடு சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கு வர வேண்டும்.

ஆனால் காலம் மாறியது. எப்படி மாறியது? ஊர் வளர வளர மண் குறைந்தது. கூரை, சாலை, வாகன நிறுத்துமிடம் என்று எல்லாம் மூடிய தரை. மூடிய தரையில் விழுந்த மழை ஊறாது, ஓடும். வழவழப்பான கால்வாயில் இன்னும் வேகமாக ஓடும். எல்லா ஊர்த் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழே வந்து சேரும். அதைத் தாங்க இன்னும் அகலமான கால்வாய் வேண்டும். அகலப்படுத்தினால் இன்னும் வேகம். இதற்கு முடிவு எங்கே?

இன்னொரு மாற்றமும் வந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. அதுவரை கடலில் கலந்த காலாங் ஆறு, அன்று முதல் மரினா நீர்த்தேக்கத்துக்குள் வந்து சேருகிறது. அதன் பொருள் என்ன? பீஷானில் உங்கள் புளோக்கின் கூரையில் விழும் மழை, ஆற்றில் இறங்கி, நீர்த்தேக்கம் போய், சுத்திகரிக்கப்பட்டு, ஒரு நாள் உங்கள் குழாயிலேயே வருகிறது! துரத்த வேண்டிய தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டிய தண்ணீர் ஆகிவிட்டது. சேர்த்து வைக்க வேண்டிய ஒன்றை மக்கள் பார்க்கவே கூடாது, கிட்டே வரவே கூடாது என்று வேலி போட்டு வைத்தால், அதை யார் பேணுவார்கள்? பார்க்காத ஆற்றில் குப்பை போடக் கை கூசுமா?

அணைக்கட்டு திறக்கும் முன்பே எழுந்துவிட்ட இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 2006இல் பொதுப் பயனீட்டுக் கழகம் தொடங்கிய துடிப்பான, அழகான, தூய்மையான நீர்நிலைத் திட்டம். பீஷான் கால்வாய்க்கும் வயதாகியிருந்தது. பூங்காவுக்கும் புதுப்பிப்பு தேவைப்பட்டது. கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கு உரியது, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்துக்கு உரியது. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு அமைப்புகளின் எல்லைக்கோட்டை அழிப்பது கான்கிரீட்டை உடைப்பதைவிடக் கடினம். அந்தக் கோட்டைத்தான் முதலில் அழித்தார்கள். கால்வாய் நிலமும் பூங்கா நிலமும் ஒன்றாயின. ஆற்றைப் பூங்காவுக்குள் வரவிட்டார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாயை உடைத்து எடுத்து, வளைந்து நெளிந்து ஓடும் 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆறாக மாற்றினார்கள். செலவு ஏறக்குறைய 76 மில்லியன் வெள்ளி. 2012 மார்ச் மாதம் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதைத் திறந்து வைத்தார்.

உடைத்த கான்கிரீட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? லாரியில் ஏற்றி எங்கேயோ கொட்டிவிட்டு வரவில்லை. ஒரு பகுதியைப் பூங்காவிலேயே குவித்து ஒரு குன்றாக்கினார்கள். அதன்மேல் புல் வளர்கிறது. பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். பழைய கால்வாயின் பலகைகள் அதன் பக்கவாட்டில் இன்றும் தெரிகின்றன. அடுத்த முறை போகும்போது கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் நம்மை ஆற்றிடமிருந்து பிரித்த சுவர் அது.

இந்த மாற்றத்தை வடிவமைத்தவர்கள் ஹெர்பர்ட் டிரைசைட்டல் என்ற ஜெர்மானிய நிலத்தோற்றக் கலைஞரும் அவருடைய குழுவும். ஐரோப்பாவில் ஆறுகளை மீட்டெடுத்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. ஆனால் வெப்பமண்டலத்தில்? இங்கே பெய்வது தூறலா? அரை மணியில் தெருவையே ஆறாக்கும் மழை! மண்ணையும் செடியையும் வைத்துக் கரை கட்டினால் நிற்குமா? முதல் மழையிலேயே கரைந்து போகாதா? இந்தக் கேள்விக்கு அவர்கள் காகிதத்தில் விடை எழுதவில்லை. பூங்காவின் ஒரு கிளை வாய்க்காலில் 60 மீட்டர் நீளத்துக்குச் சோதனைக் கரை கட்டினார்கள். பத்து வகையான முறைகள். கிளைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிப் புதைப்பது ஒரு முறை. நாணலைச் சுருளாகச் சுற்றி வைப்பது ஒரு முறை. துணி விரிப்பில் மண்ணைச் சுருட்டி அடுக்கடுக்காக வைப்பது ஒரு முறை. பாறைகளின் இடுக்கில் குச்சிகளை நட்டுத் துளிர்க்க விடுவது ஒரு முறை. மழை பெய்தது, காத்திருந்தார்கள். எது நின்றது, எது சரிந்தது என்று பார்த்தார்கள். பத்தில் ஏழைத் தேர்ந்தெடுத்து ஆற்றுக்குப் பயன்படுத்தினார்கள். வெப்பமண்டல நாட்டில் இந்த அளவில் இப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

இந்த இடத்தில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றின் குறுக்கே கிடக்கும் கற்களில் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கட்டுமான வேலைக்காகத் தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, கைபேசியில் அம்மாவுக்கு ஆற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் கரையருகே குனிந்து, செடிகளை விலக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். நான் சற்றுமுன் சொன்ன முறைகளை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "எங்க ஊர்லயும் இதானேக்கா. ஆத்துக்கரை உடைச்சுக்கிட்டா சவுக்குக் கட்டைய அடிச்சு, தழையப் போட்டு, மணல் மூட்டைய அடுக்குவோம். அப்புறம் நாணல் தானா பிடிச்சுக்கும்."

எவ்வளவு பெரிய செய்தி இது! வேர் மண்ணைப் பிடிக்கும் என்பது காவிரிக் கரையில் வயல் பார்த்தவனுக்குத் தெரிந்த செய்தி. அதைக் கணக்கிட்டு, சோதித்து, ஒரு நகரத்தின் நடுவே லட்சக்கணக்கானோர் வாழும் இடத்தில் நம்பிக்கையோடு செய்யலாம் என்று நிறுவியது அந்தப் பொறியாளர்களின் பெருமை. இரண்டையும் நான் வணங்குகிறேன். அந்தத் தம்பி குனிந்து பார்த்தாரே, அவருக்கு அந்த உரிமை எப்படிக் கிடைத்தது? வேலி இல்லாததால் கிடைத்தது.

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வேலியை எடுத்துவிட்டால் ஆபத்து இல்லையா? மழை வந்தால் என்ன ஆகும்?

மழை வந்தால் ஆறு பூங்காவுக்குள் ஏறும். ஆம், ஏறத்தான் வேண்டும்! அதற்காகத்தான் இந்தப் பூங்காவே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வெயில் நாளில் ஆறு நடுவில் ஒல்லியாக ஓடும். இருபுறமும் சரிவான புல்வெளி. அங்கே பட்டம் விடுவார்கள், பூப்பந்து ஆடுவார்கள், பாயை விரித்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். கனமழையில் அதே புல்வெளி ஆற்றின் படுகை. பழைய கால்வாய் அதிகபட்சம் 24 மீட்டர் அகலம். இன்றைய ஆறு வேண்டியபோது ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்கு விரிந்துகொள்ளும். கொள்ளளவு முன்பைவிட 40 விழுக்காடு கூடியிருக்கிறது. வெள்ளத்தை அடக்கச் சுவரை உயர்த்தவில்லை, இடத்தைக் கொடுத்தார்கள். பாயை விரித்த அதே இடத்தில் மறுநாள் தண்ணீர் படுத்திருக்கும். அதற்கு மறுநாள் மறுபடி பாய்.

அப்போது பாயில் இருப்பவர்கள்? இங்கேதான் நண்பர்களே, நம்பிக்கை என்பது வெறும் சொல்லா, செயலா என்று தெரியும். ஆற்றில் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. மட்டம் ஏறத் தொடங்கினால், கனமழை வருமென்று தெரிந்தால், எச்சரிக்கை விளக்குகள் மின்னும். சங்கு ஒலிக்கும். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். கரையில் உயிர்காப்பு வளையங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சரிவு இருக்கிறது. செங்குத்துச் சுவருள்ள கால்வாயில் விழுந்தவர் ஏறி வர வழியில்லை. இங்கே தண்ணீர் கரையோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலேறும். முதியவர் ஒருவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு, பேத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு, மேட்டுக்கு நடந்துபோக நேரம் இருக்கும். பாதுகாப்பை வேலியிலிருந்து எடுத்து நிலத்தின் சாய்வுக்குள் வைத்தார்கள்.

ஆனால் அந்தச் சாய்வு மட்டும் போதுமா? சங்கு ஊதினால் எழுந்து போகும் மனிதர் வேண்டாமா? "இன்னும் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போவோம், ஒரு படம் எடுத்துக்கொள்வோம்" என்று நிற்காத மனிதர் வேண்டாமா? வேலி இருந்தவரை அந்தப் பொறுப்பு வேலிக்கு இருந்தது. வேலியை எடுத்த அன்று அது உங்கள் கைக்கும் என் கைக்கும் வந்துவிட்டது. ஒரு நகரம் தன் மக்களிடம், "உங்களுக்கு ஆற்றைத் தெரியும், ஆற்றின் மனநிலையைத் தெரியும், விலக வேண்டிய நேரத்தில் விலகுவீர்கள்" என்று சொல்லியிருக்கிறது. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்ய முடியுமா?

மனிதர்கள் மட்டுமா வந்தார்கள்? அழைப்பிதழ் இல்லாமலே வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஆற்றுக்குள் எந்த விலங்கையும் பிடித்துக்கொண்டு வந்து விடவில்லை. வாழ இடம் இருந்தது, வந்தன. நாரைகள் வந்தன, கொக்குகள் வந்தன, மீன்கொத்திகள் வந்தன, தும்பிகள் வந்தன, உடும்பின் உறவான நீர் உடும்புகள் வந்தன. பிறகு வந்தன நீர்நாய்கள்.

நம் சங்கப் பாடல்களில் மருத நிலத்துப் பொய்கைகளில் நீர்நாய் வாளை மீனைப் பிடித்துத் தின்னும் காட்சி வரும். தமிழாசிரியர் வகுப்பில் சொல்லுவார், நாம் தேர்வுக்குப் படிப்போம், மறந்துவிடுவோம். இந்தத் தீவிலும் நீர்நாய்கள் இருந்தன. ஆறுகள் கெட்டபோது 1970களில் காணாமற்போயின. அந்த நாளில் காலாங் படுகையில் பன்றிப் பண்ணைக் கழிவும் வாத்துப் பண்ணைக் கழிவும் கலந்து ஓடியது. 1977இல், அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பிரதமர் லீ குவான் இயூ ஒரு கெடு வைத்தார். 10 ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும்படி ஆக வேண்டும் என்றார். பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருவோரக் கடைகள் உணவங்காடி நிலையங்களுக்குப் போயின, படகுத் துறைகள் இடம் மாறின. பிழைப்பை விட்டுக்கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். 1987இல் அந்தப் பணி முடிந்தது. மீன் திரும்பியது. 1990களின் இறுதியில் நீர்நாய்களும் தீவின் வடக்கே திரும்பி வந்தன. பீஷான் ஆறு திறந்து சில ஆண்டுகளில் ஒரு குடும்பம் இங்கே வந்து குடியேறியது.

அவை சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீரில் முதலில் ஒன்றும் தெரியாது, குமிழிகள் மட்டும் வரிசையாக நகரும். பிறகு ஒரு தலை, இன்னொரு தலை, கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். ஒன்று ஒரு பெரிய திலாப்பியா மீனோடு கரையேறும். முன்கால்கள் இரண்டாலும் மீனைப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடிக்கத் தொடங்கும். எலும்பு நொறுங்கும் ஓசை நமக்குத் தெளிவாகக் கேட்கும். குட்டி ஓடிவந்து பங்கு கேட்டுக் கத்தும். தின்று முடித்ததும் எல்லாம் மணலில் புரண்டு உடம்பைத் துடைத்துக்கொள்ளும். நாலடி தள்ளி ஓட்டப் பயிற்சிக்கு வந்தவர், பள்ளிப் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, அவரைத் தள்ளிவந்த பணிப்பெண் எல்லாரும் வாய் திறந்து நிற்பார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் குடும்பம் 2015இல் ஆற்றோடு இறங்கி மரினா பே வரை போனது. பீஷான் குடும்பம் என்றே ஊர் அதைக் கொண்டாடியது.

ஆனால் எல்லாம் இனிமை என்று சொல்லிவிட்டுப் போக மாட்டேன். நீர்நாய்கள் தோட்ட வீடுகளின் குளங்களுக்குள் புகுந்து விலையுயர்ந்த கோய் மீன்களைத் தின்றிருக்கின்றன. குட்டியோடு இருக்கும்போது மிக அருகே போனவர்கள் கடி வாங்கியிருக்கிறார்கள். "இவற்றைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்ற குரலும் எழுந்திருக்கிறது. அந்தக் குரலை நான் கேலி செய்யவில்லை, கடிபட்டவருக்கு வலி உண்டு. ஆயினும் நான் கேட்பது இதுதான். ஆற்றை மீட்டுவிட்டு, ஆற்றின் பிள்ளைகள் வேண்டாம் என்றால் எப்படி? அருகே போகாதீர்கள். உணவு போடாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது வெளிச்சத்தை அடிக்காதீர்கள். இவ்வளவுதான் நாம் செய்ய வேண்டியது. இது பெரிய தியாகமா?

மேரிமவுண்ட் சாலை பூங்காவை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் ஆற்றுச் சமவெளி, மறுபக்கம் குளத் தோட்டம். குளத் தோட்டப் பக்கம் போனால் படிப்படியாக அமைந்த பாத்திகளில் நீர்த்தாவரங்களைப் பார்க்கலாம். அழகுக்கு வைத்தவை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். குளத்துத் தண்ணீர் அந்தப் பாத்திகளின் வழியே போகிறது. வேர்களும் மணலும் அழுக்கை வாங்கிக்கொள்கின்றன. இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. அப்படித் தெளிந்த தண்ணீரைப் புறஊதா ஒளியால் கிருமி நீக்கிப் பிள்ளைகளின் நீர் விளையாட்டிடத்துக்கு அனுப்புகிறார்கள். உங்கள் பிள்ளை முகத்தில் வாரி அடித்துக்கொள்ளும் தண்ணீரைக் கழுவிக் கொடுத்தது ஒரு செடி! இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள் தாய்மார்களே. நனைந்த உடையை மாற்றிவிடும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள்.

முதியவர்களுக்காகச் சிகிச்சைத் தோட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது. மறதி நோய் உள்ளவர்கள் வழி தவறாமல் சுற்றிவர முடியும்படி அமைத்தது. மல்லிகை வாசத்திலும் துளசியின் வாசத்திலும் பழைய நாள் நினைவு திரும்பும் பெரியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போங்கள். மருத்துவமனைக்கு மட்டும்தான் வெளியே கூட்டிப்போவது என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு கேள்வி எழலாம். எல்லா இடத்திலும் இப்படிச் செய்ய முடியுமா? முடியாது. ஆற்றுக்கு 100 மீட்டர் அகலம் கொடுக்க நிலம் வேண்டும். பீஷானில் பூங்கா ஏற்கெனவே இருந்தது, அதனால் முடிந்தது. இருபுறமும் கட்டடங்கள் நெருக்கி நிற்கும் இடத்தில் கான்கிரீட்டைத் தொட முடியாது. அங்கே வேறு வழிதான் பார்க்க வேண்டும். நான் சொல்வதெல்லாம் இதுதான். எங்கே முடியுமோ அங்கேயாவது தயங்காதீர்கள். காலாங் ஆற்றிலிருந்து 2 கிலோமீட்டர் தொலைவுக்குள் 8 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் சொன்னது. வருங்காலத்தில் இன்னும் பல வீடுகள் அதன் கரையில் எழப்போகின்றன. அந்த வீடுகளுக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு எந்த ஆற்றைக் கொடுக்கப்போகிறோம்? வேலிக்குப் பின்னால் இருக்கும் ஆற்றையா, காலை நனைத்துப் பார்க்கும் ஆற்றையா?

திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பார்கள், கண்காட்சி வைப்பார்கள், குடியிருப்பாளர் கூட்டம் போடுவார்கள். நம்மவர்கள் எத்தனை பேர் போகிறோம்? தீமிதிக்கு வரிசையில் நிற்கிறோம், தைப்பூசத்துக்கு மைல் கணக்கில் நடக்கிறோம். நம் வீட்டுக்குக் கீழே ஓடும் ஆற்றைப் பற்றிய கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? அங்கே போய்த் தமிழிலேயே பேசலாம். இந்த நாட்டில் நம் மொழிக்கு அந்த இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்தச் சனிக்கிழமையே பீஷான் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குங்கள். பூங்காவுக்கு நடந்து போங்கள். கற்களின்மேல் ஆற்றைக் கடந்து பாருங்கள். கரையிலுள்ள எச்சரிக்கைப் பலகையைப் பிள்ளைகளை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். அதோடு திரும்பிவிடாதீர்கள். ஆறு பூங்காவை விட்டு வெளியேறும் இடம்வரை போங்கள். பீஷான் சாலையைத் தாண்டியதும் அது மறுபடி கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. பூங்கா இணைப்புப் பாதை அதன் ஓரமாகவே காலாங் படுகைவரை போகிறது. முடிந்த தூரம் நடங்கள். வழியில் எங்கெல்லாம் கரைக்கு அருகே காலி நிலம் இருக்கிறது, எங்கெல்லாம் வேலி இன்னும் தேவை, எங்கெல்லாம் தேவையில்லை என்று நீங்களே குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த குடியிருப்பாளர் கூட்டத்துக்கு அந்தக் குறிப்போடு போங்கள். நானும் வருகிறேன்.